குடும்பம் கூடும் விடுமுறையில் பேரணியும் வந்தால்: சேர்ந்து போகலாமா?

மழைக்குருவி (இழையைத் தொடங்கியவர்)

வருஷத்துக்கு ஒரு தடவைதான் எங்கள் குடும்பம் முழுக்க ஒரே வீட்டில் கூடும். இந்தத் தடவை அந்த விடுமுறையின் நடுவிலேயே, ஆற்றில் ஆலைக் கழிவு கலப்பதை எதிர்த்து நகரத்தில் ஒரு பேரணி வருகிறது. நானும் கணவரும் ரொம்ப நாளாக உழைத்துக்கொண்டிருக்கிற பிரச்சினை இது. மனு எழுதியதில் இருந்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பியது வரை கூடவே இருந்திருக்கிறோம். அன்றைக்குப் பார்த்து வீட்டில் உட்கார எனக்கு மனம் ஒப்பவில்லை.

வீட்டு நிலவரம் இது. தம்பியும் அவன் மனைவியும் பிள்ளைகளோடு வரத் தயார். அம்மாவுக்கு இஷ்டமில்லை. "சேர்ந்து இருக்கப்போறதே கொஞ்ச நேரம், அதையும் ரோட்டிலயா கழிக்கணும்?" என்கிறார். அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தான், இதே மாதிரி ஓர் ஆலையில் மேற்பார்வையாளர். பாட்டிக்கு முழங்கால் வலி, ஆனாலும் நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். பிள்ளைகளில் சின்னவளுக்கு ஐந்து வயது, பெரியவனுக்குப் பதினாறு.

இரண்டையும் சேர்க்கலாமா? சேர்த்தால் யாரைக் கூட்டிப்போவது, யாரை விடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கருங்கல்

சேர்க்காதீர்கள். பிரச்சினை நியாயமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உறவுக்காரர்கள் லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, குழந்தைகளைக் கிளப்பிக்கொண்டு வருவது ஒருவரையொருவர் பார்க்கத்தான். வந்து இறங்கியதும் "நாளைக்குப் பேரணி, யார் யார் வர்றீங்க?" என்று கேட்டால் அது வெறும் கேள்வியாக நிற்காது. வருகிறவர் ஒரு பக்கம், வராதவர் இன்னொரு பக்கம் என்று வீடு இரண்டாகிவிடும். வராதவர்தான் காரணம் சொல்லவேண்டியிருக்கும். உங்கள் அத்தானை நினைத்துப் பாருங்கள். அவர் மனைவியும் பிள்ளைகளும் பதாகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்?

நீங்களும் கணவரும் போய்வாருங்கள். மற்றவர்களை இதில் இழுக்கவேண்டாம்.

நடைவண்டி

கருங்கல் சொல்கிற ஆபத்து உண்மை. ஆனால் அது கடைசி நேரத்தில் கேட்பதால் வருகிறது, பேரணியால் அல்ல. டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தால் பாதிச் சண்டை வராது. மழைக்குருவி, இன்னும் நேரம் இருந்தால் இன்றைக்கே குடும்ப குரூப்பில் போட்டுவிடுங்கள். தேதி, நேரம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், யாரும் வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவ்வளவு போதும். பேரணி ஏன் முக்கியம் என்ற விளக்கத்தை அந்த மெசேஜில் சேர்க்காதீர்கள். கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

போராட்டம் வேறு குடும்பம் வேறு என்று பிரித்துப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1989 ஆகஸ்ட் 23 அன்று எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்று நாட்டு மக்களும் சோவியத் ஆட்சியில் இருந்து விடுதலை கேட்டுத் தாலினில் தொடங்கி ரீகா வழியாக வில்னியஸ் வரை கைகோத்து நின்றார்கள். 600 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம், சுமார் 20 லட்சம் பேர். கோத்த கைகள் சேர்ந்திருந்தது கால் மணி நேரம்தான். ஆனால் அந்த நேரத்துக்குள் சாலையோரம் போய்ச் சேர, குழந்தைகள், தாத்தா பாட்டி என்று வீடு வீடாகக் கிளம்பி வந்தார்கள். பால்டிக் வழி என்று சரித்திரத்தில் நிற்பது அதுதான். அங்கே யாராவது "இது குடும்பத்தோடு வருகிற விஷயமா?" என்று தயங்கியிருந்தால் அந்தச் சங்கிலி அறுந்திருக்கும்.

2017 ஜனவரி 21 வாஷிங்டன் பெண்கள் பேரணியின் தொடக்கத்தைப் பாருங்கள். ஹவாயில் இருந்த தெரசா ஷூக் என்ற ஓய்வுபெற்ற வழக்கறிஞர், பேரப்பிள்ளைகள் எடுத்த பாட்டி, ஃபேஸ்புக்கில் போட்ட ஒரு பதிவு அதன் விதைகளில் ஒன்று. அன்றைக்குப் பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறையாக வந்தவர்கள் ஏராளம். உங்கள் பாட்டி வருகிறேன் என்று சொன்னால் அதைச் சாதாரணமாகத் தள்ளிவிடாதீர்கள்.

மூன்றாம்பிறை

அத்தானைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். அவர் இடத்தில் இருக்கிற ஒருத்தி எழுதுகிறேன். என் சம்பளமும் ஓர் ஆலையில் இருந்துதான் வருகிறது. என் கூடப்பிறந்தவர்கள் சுற்றுச்சூழல் போராட்டங்களுக்குப் போகிறவர்கள்.

எனக்கு வலித்தது அவர்கள் போனது அல்ல. போய் வந்த பிறகு, எனக்குத் தெரியாத ஒன்றை எனக்குப் புரியவைக்கப் பார்த்தார்கள் பாருங்கள், அதுதான். கழிவுக் குழாய் எங்கே போகிறது என்று அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். சுத்திகரிப்பு இயந்திரத்தை ராத்திரியில் ஏன் நிறுத்துகிறார்கள், மின்சாரச் செலவு எவ்வளவு மிச்சமாகிறது, ஆய்வுக்கு வருகிற அன்றைக்கு மட்டும் எது ஓடும், எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டு அங்கேயே வேலை பார்க்கிறவளின் மனநிலை ஒன்று இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் அதைப் பிரித்து வைத்துப் பேச முடியாது.

அதனால் மழைக்குருவிக்கு ஒன்று சொல்கிறேன். அத்தானிடம் முதலில் நீங்களே பேசுங்கள், தனியாக, குரூப்பில் போடுவதற்கு முன்னால். "நாங்கள் போகிறோம், உங்களுக்கு எதிராக இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பொய் மாதிரி ஒலிக்கும், ஏனென்றால் கொஞ்சம் எதிராகத்தான் இருக்கிறது. "இதனால் உங்கள் வேலைக்குப் பிரச்சினை வருமா?" என்று கேளுங்கள். உண்மையிலேயே வரலாம். மேற்பார்வையாளரின் மனைவியும் பிள்ளைகளும் பேரணியில் நிற்கிற படம் மேலதிகாரியின் போனுக்குப் போக அரைமணி நேரம் ஆகாது. அக்கா பிள்ளைகள் வருவதா வேண்டாமா என்பதை அக்காவும் அத்தானும் மட்டுமே முடிவு செய்யட்டும். சித்தி கூப்பிட்டார் என்று ஒரு பிள்ளையும் வரக்கூடாது.

மழைக்குருவி

மூன்றாம்பிறை அக்கா, நன்றி. படம் விஷயம் என் மனதில் வரவே இல்லை. இன்று சாயங்காலம் அத்தானுக்குப் போன் செய்கிறேன்.

பாலைமணல்

பேரணிகளில் ஒழுங்குபடுத்தும் தொண்டராக நிற்கிறவன் நான். கொள்கையை மற்றவர்கள் பேசட்டும், நான் தரையில் நடப்பதைச் சொல்கிறேன்.

ஐந்து வயதுக் குழந்தையின் கண் உயரத்தில் ஒரு தடவை குனிந்து நின்று பாருங்கள். வானம் தெரியாது, பேச்சாளர் தெரியமாட்டார். தெரிவதெல்லாம் பெல்ட், முதுகுப்பை, தொங்குகிற கை, பதாகைக் கம்பின் நுனி. நாம் "என்ன கூட்டம், என்ன உற்சாகம்!" என்று சொல்கிற அதே இடத்தில் குழந்தைக்கு மூச்சு முட்டும். அதனால் சின்னப் பிள்ளைகள் கூட்டத்தின் நடுவில் போகவே கூடாது. ஓரத்தில், அதுவும் கிளைச்சாலை பிரிகிற பக்கமாக நடக்கவேண்டும். தடுப்பு வேலி ஒட்டிய ஓரம் ஓரமே அல்ல, அது சுவர். தள்ளுவண்டியும் நெரிசலில் உதவாது. முன்னால் இருக்கிறவர் நின்றால் அதைத் திருப்பக்கூட முடியாது. உடம்போடு கட்டித் தூக்குகிற பை நல்லது.

நெரிசல் என்றால் கலவரம் நடந்தால்தான் என்று நினைக்காதீர்கள். ஒரு சதுர மீட்டருக்கு நாலைந்து பேருக்கு மேல் போனாலே யார் எங்கே நகர்கிறோம் என்பது நம் கையில் இருக்காது, கூட்டம்தான் நம்மை நகர்த்தும். 2022 அக்டோபர் 29 அன்று தென்கொரியாவின் சோல் நகரத்து இட்டேவானில் ஒரு குறுகலான சந்தில் 150 பேருக்கு மேல் இறந்தார்கள். அது போராட்டம்கூட இல்லை, கொண்டாட்டத்துக்கு வந்த கூட்டம். பக்கத்தில் நிற்பவரின் தோள் உங்கள் தோளை இரண்டு பக்கமும் அழுத்த ஆரம்பித்தால் அதுதான் கிளம்பவேண்டிய நேரம். எதிர்த்துத் தள்ளாதீர்கள். கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, கூட்டம் கொஞ்சம் தளரும்போதெல்லாம் குறுக்குவாக்கில் ஓரத்தை நோக்கி நகரவேண்டும்.

அப்புறம் போன். பெரிய கூட்டத்தில் நெட்வொர்க் திணறும், வீட்டில் இருந்து கிளம்பும்போதே அதை நம்பாமல் கிளம்புங்கள். பிரிந்துபோனால் எங்கே சேர்வது என்று ஓர் இடம், அந்த இடத்துக்குப் போக முடியாவிட்டால் இன்னோர் இடம். இரண்டும் பேரணிப் பாதையில் இருந்து ஒரு தெரு தள்ளி இருக்கட்டும். குழந்தையின் கையில் இரண்டு பெரியவர்களின் எண்ணைப் பேனாவால் எழுதுங்கள், ஒன்று வீட்டில் இருக்கிறவருடையது. இது ரொம்ப முக்கியம். பேரணிக்குள் இருக்கிறவர் போன் எடுக்காத நேரத்தில் வீட்டில் இருக்கிறவர் எடுப்பார். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். "எல்லோரும் பார்த்துக்கலாம்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

முன்கூட்டியே பாதை என்ன, காவல்துறைக்குத் தகவல் கொடுத்திருக்கிறார்களா, டாய்லெட் எங்கே, முதலுதவி எங்கே என்று ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத ஏற்பாட்டாளர் என்றால் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள்.

ஈரக்காற்று

பாலைமணல் சொன்னதோடு ஒன்று. ஒரே நிறத் துணி ஏதாவது எல்லோர் தலையிலும் இருக்கட்டும். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சியில் காணாமல்போன பிள்ளைகளைத் தேடிய பிளாசா டி மாயோ அன்னையர் அணிந்த வெள்ளைத் தலைத்துணி உலகத்துக்கே தெரியும். அது முதலில் வந்தது இப்படித்தான். 1977-ல் லூஹான் என்ற ஊருக்கு நடக்கும் பெரிய யாத்திரையில் அவர்களும் கலந்துகொண்டார்கள், அத்தனை கூட்டத்தில் ஒருவரையொருவர் அடையாளம் காண, பிள்ளைகளுக்குக் கட்டிய இடுப்புத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். கூட்டத்துக்குள் தொலையாமல் இருக்கச் செய்த வேலை பிறகு அவர்களின் சின்னமே ஆனது. எல்லோரும் கூடுகிற நாளையும் தங்கள் போராட்டத்தையும் அவர்கள் சேர்த்தார்கள் என்பதையும் கருங்கல் கவனிக்கவேண்டும்.

கருங்கல்

கவனித்தேன். அந்த அன்னையர் தாங்களே முடிவெடுத்த பெரியவர்கள். என் கவலை பிள்ளைகள். 1963 மே மாதம் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் நிறவெறியை எதிர்த்துக் கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். அவர்கள் மேல் தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், போலீஸ் நாய்களை விட்டார்கள். அந்தப் படங்கள் நாட்டையே உலுக்கின என்பதும், நிறவெறிச் சட்டங்கள் ஆட்டம் காண அது ஒரு காரணம் என்பதும் உண்மை. ஆனால் பிள்ளைகளை முன்னால் நிறுத்தியது சரியா என்று அந்தக் காலத்திலேயே, அதே மக்களின் உரிமைக்குப் போராடிய மால்கம் எக்ஸ் போன்றவர்களே கண்டித்தார்கள். வெற்றி கிடைத்ததால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கழிவு என்றால் என்ன, ஆலை என்றால் என்ன என்று தெரியாது. கையில் ஒரு அட்டையைக் கொடுத்து நிற்கவைத்தால் அது பிள்ளையின் குரல் இல்லை, நம்முடையது.

ஈரக்காற்று

அட்டை விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். பிள்ளை எழுதாத வாசகத்தைப் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. ஐந்து வயதுக்காரி மீன் படம் வரைந்து கொண்டுவந்தால் அது அவளுடையது.

ஆனால் வயது ஏற ஏறக் கணக்கு மாறுகிறது. 1989-ல் ஐநா ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-வது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லவும் அதற்கு உரிய மதிப்புப் பெறவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. 15-வது பிரிவு அமைதியாகக் கூடும் உரிமையையும் தருகிறது. 18 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் அது பொருந்தும். பதினாறு வயதுப் பையனைக் "கூட்டிப்போவதா விடுவதா" என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம், அவனை யாராவது கேட்டீர்களா? வரமாட்டேன் என்று சொல்லவும் அவனுக்கு அதே உரிமை இருக்கிறது. அந்த வயதில் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுப்பது ரொம்பக் கஷ்டம். தனியாகக் கேளுங்கள்.

படம் எடுக்கிற விஷயத்தில் மூன்றாம்பிறை சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன். குடும்பம் கூடினால் எல்லோரும் படம் எடுப்பார்கள், எடுத்ததும் எங்கேயாவது போடுவார்கள். பேரணியில் எடுத்த எந்தப் படமும், குடும்ப குரூப்பில்கூட, அன்றைக்குப் போகக் கூடாது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். குரூப்பில் இருக்கிற இருபது முப்பது பேரில் யார் எதை யாருக்கு அனுப்புவார் என்று சொல்ல முடியாது.

மழைக்குருவி

நிறைய யோசித்தேன். அத்தானோடும் பேசினேன். முதலில் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "நீ போறது எனக்குத் தெரியும், நான் தடுக்கப்போறதில்லை, ஆனா என் பேர், என் கம்பெனி பேர் எதுலயும் வரக்கூடாது" என்றார். வேலைக்குப் பிரச்சினை வருமா என்று கேட்டதும்தான் மனம்விட்டுப் பேசினார். அக்கா பிள்ளைகள் வரவில்லை. அக்காவும் வரவில்லை, அவளுக்கு வருத்தம்தான், ஆனால் அது அவர்கள் இருவரும் எடுத்த முடிவு.

பதினாறு வயதுக்காரன் தம்பி பையன். அவன் வருகிறான், அவனாகவே சொன்னான். ஐந்து வயதுக்காரி என் மகள், முழுப் பேரணிக்கும் வரவேண்டாம் என்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம்.

அம்மாதான் இன்னும் சமாதானமாகவில்லை. பாட்டியையும் எப்படிக் கூட்டிப்போவது என்று தெரியவில்லை.

நடைவண்டி

அம்மா கேட்பது நேரத்தைத்தான். பேரணிக்குப் போன நேரத்தை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். காலையில் பேரணி என்றால் சாயங்காலம் முழுக்க அவருடையது, யாரும் போனைத் தொடக்கூடாது, யாரும் செய்தி பார்க்கக்கூடாது. முடிந்தால் விடுமுறையை ஒரு நாள் நீட்டுங்கள். ஒரு நாள் முன்னதாக வந்து சேர்கிறோம் என்று நீங்களும் தம்பியும் சொன்னாலே அவர் மனம் பாதி இறங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

வீட்டில் இருக்கிறவர்கள் எஞ்சியவர்கள் மாதிரி நடத்தப்படக் கூடாது. அன்றைக்கு வீட்டில்தான் பெரிய வேலை. இத்தனை குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, எல்லோருக்கும் சமைத்து, பதற்றமாக போனைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போவது அவர்கள். கிளம்புவதற்கு முந்தின நாளே சமையல் வேலையில் பாதியை நீங்கள் முடித்துவையுங்கள். திரும்பி வந்து களைத்துப்போய்ப் படுத்துவிட்டு, பாத்திரத்தை அவர்கள் கழுவட்டும் என்று விட்டால், அடுத்த வருஷம் யாரும் உங்களை நம்பமாட்டார்கள்.

மூன்றாம்பிறை

திரும்பி வந்ததும் வெற்றிக் கதை சொல்லாதீர்கள். கேட்டால் சொல்லுங்கள். அத்தான் கேட்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் கேட்கிற நேரத்தை அவர் தேர்ந்தெடுக்கட்டும்.

பாலைமணல்

பாட்டிக்கு வழி இருக்கிறது. பேரணிக்கு முழுதாக நடந்தால்தான் கலந்துகொண்டதாக அர்த்தம் என்று எந்த விதியும் கிடையாது. பாதை தெரிந்ததும் அதில் கடைசி கால் பகுதியில், நிழலும் உட்கார இடமும் இருக்கிற ஒரு முனையைப் பாருங்கள். மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி அங்கே உட்கார்ந்து பேரணி வரும்போது கையசைக்கட்டும், விருப்பம் இருந்தால் முடிகிற இடத்துக்குக் கொஞ்ச தூரம் மட்டும் நடக்கட்டும். உங்கள் மகளையும் பாட்டியோடு அங்கேயே உட்காரவையுங்கள், அவள் வரைந்த படத்தோடு. அவர்களோடு ஒரு பெரியவர், பக்கத்துத் தெருவில் ஒரு வண்டி. அம்மாவையே அந்தப் பெரியவராக வரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பேரணிக்கு வருவதாக அவர் நினைக்கவேண்டியதில்லை, தன் அம்மாவுக்கும் பேத்திக்கும் துணையாக வருகிறார். கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பாட்டி மாத்திரைகளை ஒரு நாளைக்கு மேல் தேவைப்படுகிற அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சாலை அடைபட்டால் திரும்பி வர நேரமாகும். வெயில், தண்ணீர் இரண்டையும் மறக்காதீர்கள். கூட்டத்தில் மயங்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீர் குடிக்காதவர்கள்தான், டாய்லெட் போகவேண்டிவரும் என்று பயந்தே குடிக்காமல் இருப்பார்கள்.

நடக்கப்போகிறவர்களில் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் இருந்தால் அன்றைக்குக் கண்ணாடி போடச் சொல்லுங்கள். கண்ணீர்ப்புகை வரும் என்று நான் சொல்லவில்லை. வந்தால் லென்ஸ் அதைக் கண்ணிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். கண்ணைத் தேய்க்காமல் காற்று வருகிற பக்கமாக நகர்ந்து, நிறையத் தண்ணீரால் கழுவவேண்டும்.

மழைக்குருவி

அம்மா வருகிறார்! பாட்டியைத் தனியாக விடமாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். பேரணியைப் பற்றி இன்னும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை, பரவாயில்லை. நானும் தம்பியும் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருகிறோம்.

கடைசியாக ஒன்று. பேரணி முடிந்த பிறகு சிலர் அங்கேயே ராத்திரி உட்காரப்போவதாகப் பேச்சு. தம்பி பையன் இருந்துவிட்டு வருகிறேன் என்கிறான். உரிமை, முடிவு என்றெல்லாம் இங்கே பேசியதால் எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

பாலைமணல்

வேண்டாம் என்று சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள். அறிவித்த பேரணி வேறு, அது முடிந்தபின் நீள்கிற கூட்டம் வேறு. பாதை, தொண்டர்கள், முதலுதவி, போலீசோடு பேசிவைத்தது எல்லாம் முதல் பகுதிக்குத்தான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்தார்கள், நாள்கணக்கில் அமைதியாகத்தான் நடந்தது. 23-ம் தேதி காலை போலீஸ் வெளியேற்ற ஆரம்பித்ததும் சில மணி நேரத்தில் எல்லாம் தலைகீழானது. முதல் நாள் எப்படி இருந்தது என்பதை வைத்துக் கடைசி மணி நேரத்தை எடைபோட முடியாது.

பையனிடம், பேரணி முடிந்ததாக அறிவித்த உடனே எல்லோரும் சேர்ந்தே கிளம்புகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, அவன் வாயால் சரி என்று வாங்குங்கள். அங்கே போய் நின்றுகொண்டு வாதம் செய்யவேண்டாம். அவன் ஒரேயடியாக இருக்கவேண்டும் என்றால் அவன் அப்பா கூட இருக்கட்டும், நீங்கள் பாட்டியோடு வீட்டுக்குப் போங்கள்.